சரிவுக்கு முந்தைய வாரங்கள்

2016 பிப்ரவரி 3ஆம் தேதி காலை. சியாச்சின் பனிப்பாறைப் பகுதியில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் முகாம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன் காத்துவந்த அந்த முகாமில் அப்போது பத்துப் பேர் இருந்தார்கள். மேலே நின்றிருந்த பெரும் பனிச்சுவர் ஒன்று உடைந்து முகாமின் மீது விழுந்தது. கூடாரங்கள் நின்ற இடம் தெரியாமல் போயிற்று. பனியும் பனிக்கட்டியுமாக 25 அடிக்கு மேல் மூடிக்கிடந்தது.

அந்தப் பத்துப் பேரில் மூவர் கர்நாடகத்துக்காரர்கள். கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஒவ்வொருவர். மீதி நால்வரும் தமிழ்நாட்டவர்: வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டம் குமணன்தொழுவைச் சேர்ந்த குமார், மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டியைச் சேர்ந்த கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து ராமமூர்த்தி. குமணன்தொழு வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், வைகை பிறக்கும் பக்கத்து ஊர். மதுரைச் சமவெளியில் மார்கழிப் பனி என்றால் விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். சித்திரை பிறந்தால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் இந்த மண்ணிலிருந்து போன பிள்ளைகள், பூமியிலேயே மிக உயரமான போர்முனையில் பனிக்கு அடியில் புதைந்தார்கள்.

தேடுதல் ஆறு நாள் நடந்தது. பாறை துளைக்கும் கருவிகளும் மின்சார ரம்பங்களும் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரும் ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டன. டாட், மிஷா என்ற இரண்டு மோப்ப நாய்களும் உடன் சென்றன. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தாண்டிய இடத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் தோண்டினார்கள். பிப்ரவரி 8 இரவு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பாட் உயிரோடு கிடைத்தார். டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் பிப்ரவரி 11 அன்று இறந்தார். மற்ற ஒன்பது பேரும் உடல்களாகவே ஊர் திரும்பினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டே, 2017 ஜனவரி கடைசி வாரத்தில், காஷ்மீரின் குரேஸ், சோன்மார்க், மச்சில் பகுதிகளில் பனிச்சரிவுகள் அடுத்தடுத்து ஏறத்தாழ இருபது வீரர்களைக் கொன்றன. அவர்களிலும் தஞ்சாவூர், மதுரை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பனியே விழாத மதுரை மாவட்டத்துக்கு ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை பனிச்சரிவின் துக்கம் வந்து சேர்ந்தது. இரண்டு முறையும் அரசு மரியாதை, துப்பாக்கி வேட்டு, இழப்பீட்டு அறிவிப்பு எல்லாம் முறையாக நடந்தன. அந்தப் பனி ஏன் சரிந்தது, முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா என்ற பேச்சு மட்டும் இந்தப் பக்கம் எழவில்லை. மலை, விதி, வீரம் என்ற மூன்று சொற்களோடு செய்தி முடிந்துவிட்டது. பனிச்சரிவைப் பற்றி உலகம் கடந்த நூறாண்டில் கற்றது ஏராளம் என்பதால், அப்படி முடிந்துபோனது வருத்தம் தரும் விஷயம்.

பனிச்சரிவு என்றதும் வானத்திலிருந்து திடீரென இறங்கும் ஒன்றாக நினைக்கத் தோன்றும். சரிவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடலாம். அதற்கான ஏற்பாடு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கிறது. மலைச் சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. இடையில் வெயில் அடித்த நாள் ஒரு மெல்லிய ஓடு. காற்று வீசிய நாள் இறுகிய ஒரு பலகை. குளிர்காலம் முழுவதும் நடந்த வானிலை மாற்றங்கள் எல்லாம் அந்த அடுக்குகளில் பதிவாகியிருக்கும். பனியில் ஆளுயரக் குழி தோண்டிப் பக்கச் சுவரை வழித்துப் பார்க்கும் ஆய்வாளர், எந்த வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார்.

இதில் ஆபத்தானது அடியில் இருக்கும் நொய்ந்த அடுக்கு. பனி மூடிய தரை ஏறத்தாழ பூஜ்ய டிகிரியில் இருக்கிறது. மேற்பரப்போ தெளிந்த இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரிக்குப் போய்விடும். பனி ஆழமாகக் கிடந்தால் இந்த வேறுபாடு பல மீட்டருக்குப் பரவி மெதுவாகிவிடும். பனி மெலிதாக இருந்தால், கொஞ்ச தூரத்துக்குள் பெரிய வெப்ப வேறுபாடு. அப்போது கீழிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை மாற்றி அமைக்கிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்த துகள்கள் கோணல் கோணலான பெரிய மணிகளாக வளர்ந்து, பிடிப்பை இழக்கின்றன. கையில் அள்ளினால் சீனி உதிர்வது போல உதிரும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும் என்பது பனியியலில் நிலைபெற்ற கணக்கு.

அந்த உதிரி அடுக்கின் மேல் புதுப்பனி விழுகிறது. காற்று அதை மலைமுகட்டின் மறுபக்கத்துக்கு அள்ளிக்கொண்டுபோய்க் குவிக்கிறது. குவிந்த பனி இறுகிப் பலகையாகிறது. இப்போது சரிவின் மேல் கனமான ஒரு பலகை. அதன் கீழே பிடிப்பில்லாத மணிகள். இந்த நிலையில் மலை பல வாரம் சும்மா இருக்கலாம். பிறகு இன்னொரு பனிப்பொழிவின் எடையோ, நடந்துபோகும் ஒரு மனிதனின் எடையோ போதும். நொய்ந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கும். அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பரவும். 'வும்' என்று அடக்கமான ஓர் ஓசை கேட்கும். மலையேறுகிறவர்கள் மிகவும் அஞ்சும் ஓசை அது. அடுத்த கணம் சரிவின் குறுக்கே நீளமாக வெடிப்பு விழுந்து, பலகை முழுவதும் கிளம்பிவிடும்.

சரிவின் சாய்வும் முக்கியம். பெரும்பாலான பனிப்பலகைகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. அதைவிடத் தட்டையான இடத்தில் பனி நகர்வது அரிது. அதைவிடச் செங்குத்தான பாறையில் பனி தங்குவதே இல்லை, விழ விழ உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பார்ப்பதற்கு அழகாக, ஏறுவதற்கு எளிதாக, பனிச்சறுக்கு விளையாட வாகாக இருக்கும் சரிவுகளே மனிதனைக் கொல்கின்றன. பொழுதுபோக்குக்காகப் பனிமலைக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள் என்று மேலை நாடுகளின் விபத்துப் பதிவுகள் காட்டுகின்றன.

கிளம்பிய உலர்பனி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும்; பெரிய சரிவுகளில் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டும். முன்னே தள்ளப்படும் காற்றே மரங்களை முறிக்கும். ஈரப்பனி மெதுவாக வந்தாலும் எடை மிகுதி. இரண்டும் நின்ற மறுநொடி இறுகிவிடுகின்றன. உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் போனால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலும் குளிர் கொல்வதில்லை, மூச்சு கொல்கிறது. வெளிவிடும் மூச்சின் ஈரம் முகத்தருகே பனிக்கட்டியாக உறைந்து, மீண்டும் காற்று வரும் வழியை அடைத்துவிடுகிறது. ஹனுமந்தப்பா ஆறு நாள் உயிரோடு இருந்ததற்கு, நசுங்கிய கூடாரத்துக்குள் மிஞ்சிய காற்றுவெளிதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. உலகில் எங்கும் அபூர்வமாகவே நடக்கும் நிகழ்ச்சி அது.

அதனால்தான் ஆல்ப்ஸ் மலையில் வகுத்த தடங்களுக்கு வெளியே பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் ஒரு சிறு கருவியையும், பனிக்குள் குத்தித் தேட மடக்கும் குச்சியையும், மண்வெட்டியையும் கூடவே எடுத்துச்செல்கிறார்கள். மீட்புப்படை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும்; காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் தோழர்தான்.

இமயமலையின் பனி எல்லா இடத்திலும் ஒரே குணம் கொண்டதில்லை. இந்திய ஆய்வாளர்கள் மேற்கு இமயத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பீர் பஞ்சால் தொடரை ஒட்டிய தாழ்ந்த மண்டலத்தில் குளிர் மிதம், பனிப்பொழிவு மிகுதி. சரிவுகள் பெரும்பாலும் பனி விழும்போதோ விழுந்த ஓரிரு நாளிலோ நடக்கும். ஈரப்பனிச் சரிவும் அங்கே அதிகம். நடுவில் உள்ள பெரு இமயத் தொடரில் உயரமும் குளிரும் கூடுகின்றன. கடைசியாகக் காரகோரம்: பொழிவு குறைவு, குளிர் கொடூரம், காற்று ஓயாது. மெலிந்த பனியும் கடுங்குளிரும் சேர்ந்தால் நொய்ந்த அடுக்கு எளிதில் உருவாகும். உருவானது நெடுநாள் ஆறாமலும் கிடக்கும். சியாச்சின் அந்த மண்டலத்தைச் சேர்ந்தது. அங்கே பனி அடுக்குகள் போதாதென்று பனிப்பாறையின் சுவர்களே உடைந்து விழும் ஆபத்தும் உண்டு. சோனத்தில் நடந்தது அந்த வகை. பனிச்சுவர் எப்போது உடையும் என்பதைப் பனி அடுக்கின் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: எந்தச் சுவரின் கீழ் மனிதரைத் தங்கவைப்பது என்ற முடிவைச் சரியாக எடுப்பது.

இந்தப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலையாளர்கள் சொல்லும் மேகக்கூட்டம். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயத்தில் மோதுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அறுவடை நடக்கும் தை மாதம், அங்கே சரிவுக்கான எடை ஏறும் மாதம்.

வரலாறு நீளமானது. 1979 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்த பனிச்சரிவுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2010 பிப்ரவரி 8இல் குல்மார்க்கில், பனிமலைப் போரைக் கற்றுத்தரும் ராணுவப் பள்ளியில் பயிற்சி பெற்றுவந்த வீரர்களே சரிவில் சிக்கினார்கள். பதினேழு பேர் மாண்டார்கள். 2012 ஏப்ரல் 7இல் எல்லைக்கு அப்பால், பாகிஸ்தான் ராணுவத்தின் கயாரி முகாமை ஒரே சரிவு மூடியது. 129 வீரர்களும் 11 பொதுமக்களும் அதில் புதைந்தார்கள்; உடல்களைத் தேடி எடுக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1984 ஏப்ரல் 13இல் ஆபரேஷன் மேக்தூத் மூலம் இந்தியா சியாச்சினில் கால் வைத்தது முதல், இரு தரப்பிலும் குண்டுகளால் செத்தவர்களைவிட மலையாலும் வானிலையாலும் செத்தவர்களே அதிகம். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தபின் பீரங்கிகள் அடங்கின. சாவு அடங்கவில்லை.

போர்வீரர்களும் பனிச்சரிவும் என்ற தலைப்பில் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. முதல் உலகப் போரில், 1916 டிசம்பர் 13இல், இத்தாலியின் மார்மொலாடா மலையில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையினர் தங்கியிருந்த குடில்கள் மேல் சரிவு விழுந்தது. ஏறத்தாழ 270 பேர் இறந்தார்கள். எதிரியின் குண்டு படாத மறைவான இடம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. பனிச்சரிவு வரும் வழியில் இருக்கிறோம், இடத்தை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட் முன்பே மேலிடத்துக்குக் கேட்டிருந்தார். அனுமதி வரவில்லை. அந்த மலைப்போரில் அதுபோல ஆயிரக்கணக்கானோர் பனியில் மடிந்தார்கள். நூறாண்டு கழித்துச் சியாச்சினைப் படிக்கும்போதும் அதே சிக்கல் கண்ணில் படுகிறது: முகாமை எங்கே போடுவது என்பதைத் தீர்மானிப்பது எதிரியின் பார்வைக்கோடு, பனி அதற்குக் கட்டுப்படுவதில்லை.

அறிவு இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1969இலேயே பனிக்கும் பனிச்சரிவுக்கும் என்று தனி ஆய்வு நிறுவனம் மணாலியில் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் இயங்கும் அது 2020இல் வேறொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, டிஜிஆர்இ என்ற பெயரில் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படுகிறது. மலைமுகடுகளில் தானியங்கி வானிலைக் கருவிகள், ராணுவ முகாம்களை ஒட்டிக் கண்காணிப்பு நிலையங்கள், பனிக்குழித் தரவுகள், செயற்கைக்கோள் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, குளிர்காலத்தில் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், எந்தப் படிநிலை ஆபத்து என்று அதில் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒப்புக்கொண்ட ஐந்து படிநிலை அளவுகோலே உலகம் முழுவதும் இதற்கு அடிப்படை.

இந்த அளவுகோலில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் படி நடுவில் இருப்பதால் 'பரவாயில்லை' என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் படி அறிவிக்கப்பட்ட நாளில் யாரும் வெளியே போவதில்லை. பனிமலைச் சாவுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்காம் படி நாட்களில்தான் நடக்கின்றன, அதிலும் மூன்றாம் படி நாட்களில் மிகுதி. வானம் தெளிந்து, வெயில் அடித்து, பனி பளபளக்கும் நாள் அது. அடியில் நொய்ந்த அடுக்கு அப்படியே இருக்கும்.

2025 பிப்ரவரி 28 விடியற்காலையில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மாணா ஊரருகே, எல்லைச் சாலை அமைப்பின் பணிக்கு வந்திருந்த தொழிலாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. முகாமில் 54 பேர். பெரும்பாலோர் இரும்புக் கண்டெய்னர்களில் தங்கியிருந்தார்கள். ராணுவமும் மீட்புப்படைகளும் மூன்று நாள் பாடுபட்டு 46 பேரை உயிரோடு மீட்டன. எட்டுப் பேர் இறந்தார்கள். கண்டெய்னர்கள் உருண்டும் நசுங்கியும் போனாலும், உள்ளே காற்று இருந்ததால் பலர் பிழைத்தார்கள். மெச்சத்தக்க மீட்பு. ஆனால் முதல் நாள் மாலையே, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகர் வெளியிட்டிருந்தது. மாணா 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எச்சரிக்கை சரியாக இருந்தது. தொழிலாளர்கள் இரவு அங்கேயே உறங்கினார்கள்.

இந்தியப் பனிச்சரிவுச் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. மலையைப் படிக்கும் அறிவு ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது. மலையில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். பிகாரிலிருந்து வரும் சாலைத் தொழிலாளி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து படையில் சேர்ந்த சிப்பாய், முன்பதிவு செய்துகொண்டு குடும்பத்தோடு கேங்டாக் போகும் அரசு ஊழியர் ஆகிய மூவருக்கும் பனி புதிது. லாஹௌலில் பிறந்த கிழவிக்கு எந்த ஓடையில் பனி இறங்கும் என்று தெரியும், இவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களிடம்தான் எச்சரிக்கை முதலில் போய்ச் சேர வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளின் கதையும் அப்படியே. 2023 ஏப்ரல் 4இல் சிக்கிமின் நாதுலா சாலையில், பதினைந்தாம் மைலருகே பனிச்சரிவு ஏழு பயணிகளைக் கொன்றது. பதின்மூன்றாம் மைல் வரைதான் அன்று அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அனுமதிச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டு மைல் ஏன் மூடப்பட்டிருக்கிறது என்பது தெரிந்திருக்காது. பனியைக் கண்டதும் வண்டியை விட்டிறங்கி, சாலையோரச் சரிவில் ஏறி விளையாடுவது சமவெளிக்காரர் எல்லோரும் செய்வது. தமிழ்நாட்டிலிருந்து மணாலிக்கும் குல்மார்க்குக்கும் நாதுலாவுக்கும் ஆண்டுதோறும் போகும் கூட்டம் பெருகிக்கொண்டேயிருக்கிறது.

தேர்ந்தவர்களும் தப்புவதில்லை என்பதை 2022 அக்டோபர் 4 காட்டியது. உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா டண்டா சிகரத்துச் சரிவில் இருந்தபோது பனிப்பலகை ஒன்று கிளம்பியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவரைக் காணவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் பதினாறு நாள் இடைவெளியில் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறிச் சாதித்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களில் ஒருவர். பருவமழை பின்தங்கி நின்ற அந்த நாட்களில் உயரத்தில் புதுப்பனி நிறைய விழுந்திருந்தது.

பனியின் உறுதியைச் சோதிக்க எளிய முறைகள் இருக்கின்றன. ஓர் அடி அகலத்துக்குப் பனித்தூண் ஒன்றை வெட்டி, அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டிப் பார்ப்பார்கள். முதல் சில தட்டுகளிலேயே தூண் வழுக்கி வந்துவிட்டால் அந்தச் சரிவில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே சரிவில் பத்தடி தள்ளி வேறு விடை கிடைக்கலாம். பனியியலாளர்கள் இன்றும் நிகழ்தகவைத்தான் சொல்கிறார்கள். எந்தச் சரிவு எந்த மணிக்கு என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. வரைபடங்களும் பொய்க்கும். ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 1999 பிப்ரவரி 23இல் பனிச்சரிவு 31 பேரைக் கொன்றபோது, இடிந்த வீடுகளில் பல ஆபத்தற்ற பகுதி என்று குறிக்கப்பட்டிருந்தவை. அதன்பின் அந்நாடு தன் ஆபத்து வரைபடங்களைத் திருத்தி எழுதியது; கிராமத்துக்கு மேலே தடுப்புச் சுவர் எழுப்பியது.

தடுப்பு வேலைகள் இந்தியாவிலும் நடந்திருக்கின்றன. பனி கிளம்பும் இடத்திலேயே இரும்பு வேலிகளும் வலைகளும் நட்டுப் பிடித்துவைப்பது, வரும் வழியில் மேடுகள் போட்டு வேகத்தைக் குறைப்பது, சாலைக்கு மேல் கூரை கட்டிப் பனியை மேலே வழிந்தோட விடுவது ஆகியவை பழகிய முறைகள். மணாலியையும் லாஹௌலையும் இணைக்கும் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3இல் திறக்கப்பட்டதும், ரோதங் கணவாயின் சரிவுகளைத் தவிர்த்துக் குளிர்காலத்திலும் போக வழி பிறந்தது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு கணவாய் திறக்கும்வரை காத்திருந்த மக்களுக்கு அது பெரும் விடுதலை. கூடவே, முன்பு குளிர்காலத்தில் யாருமே எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்கில் இப்போது ஜனவரியில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டுகின்றன. சாலையைச் சரிவிலிருந்து காப்பாற்றிய கட்டுமானமே புதிய கூட்டத்தைச் சரிவுகளின் கீழ் கொண்டுபோய் நிறுத்துகிறது. வடக்கு சிக்கிமில் 2022 செப்டம்பரில் 15,000 அடி உயரத்தில் ராணுவமும் டிஜிஆர்இயும் நிறுவிய ரேடார், சரிவு கிளம்பிய மூன்று நொடிக்குள் கண்டுபிடித்து எச்சரிக்கை எழுப்பக்கூடியது. மழையிலும் பனிமூட்டத்திலும் இரவிலும் வேலை செய்யும். ஓரிடத்தில் வைத்தது போதாது.

காலநிலை மாற்றம் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது? வெப்பம் கூடினால் பனி குறையும், பனி குறைந்தால் சரிவும் குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மேற்கு இமயத்து மரங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. பனிச்சரிவில் அடிபட்டுச் சாய்ந்த மரம் தன் ஆண்டு வளையங்களில் அந்த வடுவைக் காட்டும். மணாலி-லே சாலைப் பக்கத்து மரங்களின் வளையங்களை எண்ணி, ஏறத்தாழ 150 ஆண்டுச் சரிவுகளைக் கணித்த ஓர் ஆய்வு 2018இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே சரிவுகள் கூடியிருக்கின்றன. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் வெப்பம் ஏறி, பனி நனைந்து, ஈரச்சரிவுகள் பெருகுவதே காரணம் என்று அது காட்டியது. மறுபுறம், காட்மண்டுவில் உள்ள ஐசிமோட் நிறுவனம், இந்துகுஷ்-இமயப் பகுதியில் 2025 குளிர்காலத்தில் பனி தரையில் தங்கியிருந்த அளவு வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைவு என்று கணக்கிட்டது; தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகக் குறைவு. அந்தக் குளிர்காலத்தின் பிப்ரவரியில்தான் மாணா நடந்தது. பனி குறைந்த ஆண்டில் மெலிந்த அடுக்கு. மெலிந்த அடுக்கில் பிடிப்பற்ற மணிகள். அதன்மேல் பருவம் தப்பிப் பெருமழையாய் வரும் புதுப்பனி. குறைந்த பனியைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது பெரும் தவறாகிவிடும்.

பனி, பாறை, மண் என்ற எல்லைகளும் கலைகின்றன. 2021 பிப்ரவரி 7இல் சமோலியின் ரோன்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து, ஆற்றில் வெள்ளமாக மாறி, நீர்மின் நிலையங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோரை அடித்துச்சென்றது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பனிச்சரிவு கிடையாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தை மாதம் புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படிவதோடு சரி. ஆனால் சரிவின் கணிதம் இங்கும் அதேதான்: சாய்வு, அடுக்கு, எடை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மழையில் ஊறிய மலை இறங்கி, எழுபது பேரை லயங்களோடு அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். அங்கும் பெரிய கேள்வி, அந்த வீடுகள் ஏன் அந்த இடத்தில் இருந்தன என்பதுதான்.

எச்சரிக்கையைக் கடைசி மனிதன் வரை கொண்டுபோக முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கணிக்கும் அலை உயரமும் காற்று வேகமும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கைபேசிச் செயலி வழியாகத் தமிழிலேயே மீனவருக்குக் கிடைக்கின்றன; ஊர்களில் ஒலிபெருக்கியிலும் சொல்லப்பட்டிருக்கின்றன. சண்டிகரின் அறிக்கையையும் அதே போல எளிய தமிழில், உயரம், நாள், படிநிலை மூன்றையும் சொல்லி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியிடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலையில்லை. மணாலிக்கும் கேங்டாக்குக்கும் ஆளேற்றும் பயண நிறுவனங்கள் பயணச்சீட்டோடு அதைக் கையில் கொடுக்கலாம். சாலைப் பணிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளியின் மொழியில் படித்துக்காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் விதியாகவே சேர்க்கலாம். நான்காம் படி அறிவித்த இரவில் தொழிலாளர் முகாமைக் காலி செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை, பனி விழத் தொடங்கும் முன்பே, நவம்பரிலேயே மாவட்ட ஆட்சியரும் எல்லைச் சாலை அமைப்பும் எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.